நீலவெள்ளைப் பீங்கான்: கவிழ்த்துப் பார்க்க வேண்டிய கலம்

வெள்ளைக் களிமண்ணில் வனைந்து, சுடாத பச்சைப் பாண்டத்தின் மீதே கோபால்ட்டுச் சாயத்தால் சித்திரம் எழுதி, அதன்மேல் நிறமற்ற மெருகைப் பூசி, ஒரே சூட்டில் சுட்டு எடுப்பது நீலவெள்ளைப் பீங்கான். சித்திரம் மெருகுக்கு அடியில் அடைபட்டிருப்பதால் தேய்வதில்லை. எத்தனை முறை கழுவினாலும் போவதில்லை. 400 ஆண்டுகளுக்கு முன் சோறு பரிமாறிய தட்டிலும் நீலம் நேற்று எழுதியதுபோல இருக்கும். சீனத்தில் பிறந்த இந்தத் தொழில் கொரியா, வியட்நாம், ஜப்பான் நாடுகளுக்கும் பரவியது. இவற்றில், உள்ளூர் அரண்மனைக்கோ வீட்டுக்கோ அன்றிக் கடல்கடந்த சந்தைக்கென்றே செய்யப்பட்டவை ஏற்றுமதிப் பீங்கான்கள்.

பழம்பொருள் சேகரிப்பவர்களிடையே ஏற்றுமதிப் பீங்கானுக்குத் தனி இடம் உண்டு. அரண்மனைக்கென்று செய்த கலங்களின் விலை பெரும்பாலானவர்களுக்கு எட்டாது. ஏற்றுமதிக் கலங்களோ லட்சக்கணக்கில் செய்யப்பட்டன, மிஞ்சியிருப்பவையும் ஏராளம். அரண்மனைக் குயவர் பிழையுள்ள கலத்தை உடைத்துப் புதைத்துவிடுவார். ஏற்றுமதிக் குயவருக்கு அதற்கு நேரமில்லை. அதனால் கத்தி பட்ட தடம், சூளை மணல், மெருகு பிடித்துத் தூக்கிய விரல் அடையாளம் எல்லாம் அப்படியே கப்பலேறின. இன்று கலத்தின் வயதையும் ஊரையும் சொல்பவை இந்தக் குறைகள்தான். முகப்பில் உள்ள சித்திரத்தை யாரும் நகலெடுக்கலாம். அடிப்புறத்தை நகலெடுப்பது அவ்வளவு எளிதல்ல. ஆகவே தேர்ந்த சேகரிப்பாளர் கலம் கைக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை அதைக் கவிழ்ப்பது.

‘பீங்கான்’ என்ற சொல்லும் ஒருவகையில் இறக்குமதிதான். கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் ‘பிங்கான்’. மலாயில் ‘பிங்கான்’ என்றால் சாப்பாட்டுத் தட்டு, சிங்களத்தில் ‘பிங்கான’. சரக்கு சீனத்துடையது, பெயர் பாரசீகத்துடையது. இந்தியப் பெருங்கடலில் இந்தச் சரக்கு யார் கைகளில் மாறி மாறி வந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை. இன்னொரு சொல் எதிர்த்திசையில் போயிருக்கிறது. மூக்குவைத்த சிறு கலத்தைத் தமிழில் கெண்டி என்பார்கள். தென்கிழக்கு ஆசியாவுக்காகச் சீனத்தில் செய்யப்பட்ட அதே வடிவ நீர்க்கலத்துக்கு மலாய்ப் பெயரும் கெண்டிதான். உலகெங்கும் ஏலப் பட்டியல்கள் இன்றும் அந்தப் பெயரையே அச்சிடுகின்றன. இந்தக் கெண்டி பாரசீகத்துக்குப் போனபோது அங்கே அதை ஹுக்காவின் தண்ணீர்க் குடுவையாக்கிக்கொண்டார்கள்.

பீங்கானின் உடல் இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று கயோலின் என்னும் வெண்களிமண். தென்சீனத்தில் ஜிங்டெஜென் நகருக்கு அருகிலுள்ள கௌலிங் என்ற இடத்தின் பெயரே இப்படித் திரிந்து உலகப் பெயரானது. மற்றது பீங்கான்கல். குவார்ட்ஸும் வெள்ளை மைக்காவும் கலந்த இந்தப் பாறையை நீர்விசை உலக்கைகளால் இடித்து மாவாக்கி, சிறு வெள்ளைக் கட்டிகளாக வார்த்து விற்றார்கள். கயோலின் எலும்பு, கல் சதை என்று அங்குள்ள தொழிலாளர்கள் சொல்வதாக ஜிங்டெஜெனில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் எழுதியிருக்கிறார். 1712, 1722 ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய இரண்டு நீண்ட கடிதங்கள் ஐரோப்பாவுக்குச் சென்ற தொழில் உளவு அறிக்கைகள் என்றே சொல்லலாம். எலும்பு, சதை என்ற உவமை வேதியியல்படியும் சரியானது. சுமார் 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கல்லிலுள்ள மைக்கா உருகிக் கண்ணாடியாகி, துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளை நிரப்புகிறது. களிமண் ஊசி ஊசியான முல்லைட் படிகங்களாக மாறி, அந்தக் கண்ணாடிக்குள் பின்னிக்கொண்டு கலத்தைத் தாங்குகிறது.

வீட்டுப் பானையை இதற்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரியும். மண்பானை 1,000 பாகையைத் தொடாத சூளையில் வேகிறது; துளைகள் அப்படியே இருக்கும். அந்தத் துளைகளில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத்தண்ணீர் குளிர்கிறது. பீங்கானில் கசிய வழியில்லை. ஓரம் மெல்லியதாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்த விரலின் நிழல் மறுபக்கம் தெரியும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும். போலியைக் கண்டுபிடிக்கப் பழைய வியாபாரிகள் வைத்திருந்த வழியும் இதிலிருந்து வந்ததே. உடைந்த ஓரத்தில் நாக்கை வைத்தால் மண்கலம் ஈரத்தை உறிஞ்சி நாக்கோடு ஒட்டும், பீங்கான் ஒட்டாது. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தார் ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெண்மெருகு பூசிச் சீனப் பீங்கானைப்போலவே தட்டுகள் செய்தார்கள். தூரத்தில் கண்ணை ஏமாற்றும் அந்தத் தட்டு சற்றே மூளியானால் உள்ளே மஞ்சள் மண் பல்லிளிக்கும்.

வெள்ளைக்கு நீலம் துணையானதற்குச் சூளையின் வெப்பமே காரணம். 1,300 பாகையில் பெரும்பாலான சாயங்கள் ஆவியாகிவிடும் அல்லது மெருகில் கரைந்து நிறமிழக்கும். தாக்குப்பிடிப்பவை இரும்பு, செம்பு, கோபால்ட்டு போன்ற சில உலோகங்களின் ஆக்சைடுகள் மட்டுமே. இரும்பு பழுப்போ பச்சையோ தரும். செம்பு சிவப்பைத் தரும். ஆனால் சூளைக்குள் காற்று சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு கருத்துச் சாம்பலாகிவிடும். கோபால்ட்டு மட்டும் எந்தச் சூளையிலும் நீலம்தான். உருகிய மெருகில் ஒவ்வொரு கோபால்ட்டு அயனியையும் நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்து நிற்கின்றன. அந்த அமைப்பு வெளிச்சத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பகுதிகளை விழுங்கி நீலத்தை மட்டும் வெளியே விடுகிறது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான கோபால்ட்டே கண்ணைப் பறிக்கும் நீலத்துக்குப் போதும். இதில் வேடிக்கை என்னவென்றால், சித்திரக்காரர் தம் நீலத்தைப் பார்ப்பதே இல்லை. தூரிகையில் இருக்கும்போது அது கருஞ்சாம்பல் நிறக் குழம்பு. பச்சைமண் அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும்; ஒரு கோடு பிசகினால் அழித்து எழுத முடியாது. எவ்வளவு அழுத்தினால் எந்த நீலம் வரும் என்பது கைப்பழக்கம் சொல்ல வேண்டிய கணக்கு.

கோபால்ட்டு எங்கிருந்து வந்தது என்பது கலத்தின் வயதைக் கணிக்க உதவும் முக்கியமான தடயம். தொடக்க காலத்தில் நல்ல கோபால்ட்டு ஈரானிலிருந்து சீனத்துக்கு இறக்குமதியானது. காஷான் நகருக்கு அருகிலுள்ள கம்சர் சுரங்கங்கள் அதற்குப் பெயர்போனவை. அந்தத் தாதுவில் இரும்பு அதிகம், மாங்கனீசு மிகக் குறைவு. அடர்த்தியாகப் பூசிய இடத்தில் இரும்பு மிகுந்து, மெருகின் மேற்பரப்பில் கருமையான புள்ளிகளாகப் படிகமாகும். 14, 15 ஆம் நூற்றாண்டுக் கலங்களில் காணப்படும் இந்தக் கரும்புள்ளிகளைப் பிற்காலக் குயவர்கள் அழகு என்று எண்ணித் தூரிகை நுனியால் வேண்டுமென்றே குத்திக் குத்திப் போலச் செய்தார்கள். சீனத்துக் கோபால்ட்டுத் தாது நேர்மாறானது. அதில் மாங்கனீசு கோபால்ட்டைவிடப் பலமடங்கு அதிகம். சுத்தம் செய்யாமல் பூசினால் நீலம் சாம்பலோடும். 1637 இல் வெளியான சாங் யிங்சிங்கின் தொழில்நுட்பக் கலைக்களஞ்சியம் இந்தத் தாதுவைத் தீயில் வறுத்துத் தூய்மையாக்கும் முறையை விவரிக்கிறது. ஒரு கலம் முடிவதற்குள் 72 கைகளைக் கடக்கிறது என்றும் கணக்குச் சொல்கிறது. ஒருவர் கோட்டோவியம் மட்டும் போடுவார், இன்னொருவர் உள்ளே நீலம் நிரப்புவார். ஹென்றி ஃபோர்டு பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஜிங்டெஜெனில் தொடர்வரிசை உற்பத்தி நடந்துகொண்டிருந்தது.

கடல் வணிகத்தில் நீலவெள்ளை வந்து சேர்ந்த கதை ஒரு முளையோடு தொடங்கி, ஐந்நூறு ஆண்டு உறக்கத்துக்குப் பின் மரமானது. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998 இல் கண்டெடுத்த அரபுக் கப்பல் ஒன்றில் ஏறத்தாழ 60,000 சீனக் கலங்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826 ஐக் குறிக்கும் நாள் பொறித்திருந்ததால் காலம் தெளிவானது. அவ்வளவு கலங்களில் நீலச்சித்திரம் எழுதிய தட்டுகள் மூன்றே மூன்று. வடசீனத்தின் ஹெனான் பகுதியில் செய்யப்பட்டு முழுதாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சீன நீலவெள்ளைத் தட்டுகள் அவைதாம். இப்போது சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதன்பின் நீண்ட மௌனம். மங்கோலியர்கள் சீனத்தையும் ஈரானையும் ஒருசேர ஆண்ட 14 ஆம் நூற்றாண்டில்தான், ஈரானின் கோபால்ட்டும் ஜிங்டெஜெனின் களிமண்ணும் சந்தித்தன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள டேவிட் ஜாடிகள் இரண்டிலும் 1351 ஆம் ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கோயிலுக்குக் காணிக்கையாகச் செய்த ஜாடிகள் அவை. மேற்காசியாவில் பலர் வட்டமாக அமர்ந்து ஒரே தட்டில் உண்பார்கள். அவர்களுக்காக 40 செண்டிமீட்டருக்கும் அகலமான தாம்பாளங்கள் ஏற்றுமதியாயின. ஈரானின் ஷா அப்பாஸ் 1611 இல் அர்தபில் தர்காவுக்கு வழங்கிய சீனக் கலங்கள் 1,162. அவற்றில் தம் நன்கொடை முத்திரையை அவர் வெட்டி வைத்ததால், அந்த முத்திரையுள்ள கலம் எதுவும் 1611 க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. இஸ்தான்புல் தொப்காபி அரண்மனையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை சேர்ந்தன. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலோ பீங்கான் கிண்ணங்களைக் கல்லறைத் தூண்களில் பதித்து வைத்தார்கள்.

இந்தக் கடல்வழியின் நடுவில்தான் தமிழகக் கரை இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வுகளில் 13, 14 ஆம் நூற்றாண்டுச் சீனக் கலங்களின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன.

போர்த்துக்கீசியர் 1513 இல் சீனக்கரையை எட்டி, 1557 இல் மக்காவுவில் குடியேறினார்கள். ஐரோப்பாவில் வெறியாகப் பரவிய முதல் வகை அவர்கள் கப்பல்களில் போனதுதான். தட்டின் விளிம்பைக் கதிர்போலக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பூவோ பழமோ எழுதி, நடுவில் பறவையோ மானோ வைத்த இந்த வகைக்கு ‘கிராக்’ என்று பெயர். போர்த்துக்கீசியரின் ‘கராக்’ கப்பலிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் 1602 இல் ஒரு போர்த்துக்கீசியக் கப்பலையும், 1603 இல் சிங்கப்பூருக்கு அருகே ‘சாந்தா கத்தரினா’வையும் பறித்துக்கொண்டு போய்ச் சரக்கை ஏலம் விட்டார்கள். பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றி உட்பட ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் திருட்டுச்சொத்து என்று பாராமல் போட்டிபோட்டு வாங்கினார்கள். அதன்பின் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நேராகவே தருவிக்கத் தொடங்கியது. அந்தக் கம்பெனியின் வி.ஓ.சி. என்ற மூன்றெழுத்துகள் நடுவில் எழுதிய தட்டுகள் இன்றும் சேகரிப்பாளரின் கனவு. கப்பலோட்டிய தமிழரை நினைக்கும் தமிழர்களுக்கு அந்த எழுத்துகள் சற்று முரணாகவே ஒலிக்கும். 1635 இல் தைவானிலிருந்த டச்சுக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய வடிவங்களை மரத்தில் கடைந்து மாதிரியாகக் கொடுத்தார்கள். பீர்க்குவளை, கடுகுச்சாடி என்று சீனர் தம் வாழ்நாளில் பயன்படுத்தியிராத பொருள்களை மாதிரியைப் பார்த்து அச்சு அசலாகச் செய்து கொடுத்தார்கள். வடிவம் ஐரோப்பியம், சித்திரம் சீனம் என்ற இந்தக் கலப்பே ஏற்றுமதிப் பீங்கானின் முகம்.

1644 இல் மிங் அரசு வீழ்ந்ததும் உள்நாட்டுப் போரில் ஜிங்டெஜென் சீர்குலைந்தது. டச்சுக்காரர்கள் ஜப்பானின் அரிதா ஊருக்குத் திரும்பி, 1659 இல் பல்லாயிரம் கலங்களுக்கு ஆணை கொடுத்தார்கள். அரிதாக் கலங்கள் இமாரித் துறைமுகம் வழியாக வெளியேறின. காங்ஸி பேரரசர் காலத்தில் (1662–1722) ஜிங்டெஜென் மீண்டெழுந்தபோது முன்னெப்போதையும்விடத் தூய நீலம் பிறந்தது. அடுத்த நூற்றாண்டில் தேயிலை வணிகம் பெருக, பீங்கானுக்குக் கப்பலில் புதியதொரு வேலையும் கிடைத்தது. ஜிங்டெஜென் சரக்கு ஆற்றுவழியே தெற்கே போய், மலைக்கணவாயில் சுமையாட்களின் தோளேறி, மீண்டும் ஆற்றில் இறங்கிக் காண்டன் துறைமுகத்தை அடையும். அங்கே பீங்கான் பெட்டிகளைக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கி, அதன்மேல் தேயிலைப் பெட்டிகளை வைத்தார்கள். கப்பலடியில் தேங்கும் நீர் தேயிலையைக் கெடுக்கும், பீங்கானை ஒன்றும் செய்யாது. கனமாக இருப்பதால் கப்பலும் ஆடாது. இந்தப் பாரச்சரக்கை விற்றால் வருவதெல்லாம் உபரி.

இப்படிப் பீங்கான் ஏற்றிச் சென்று மூழ்கிய கப்பல்களே இன்று பீங்கான் வரலாற்றின் நாட்காட்டி. மூழ்கிய நாள் தெரிந்தால் அதிலிருந்த எல்லாக் கலங்களுக்கும் காலம் தெரிந்துவிடும். பிலிப்பீன்ஸ் அருகே 1600 இல் மூழ்கிய ‘சான் தியேகோ’வும், செயிண்ட் ஹெலினா தீவருகே 1613 இல் மூழ்கிய ‘விட்டே லேயூ’வும் கிராக் வகையின் வளர்ச்சியைக் காட்டுகின்றன. தென்சீனக் கடலில் மைக்கேல் ஹேட்சர் 1980களில் எடுத்த ஒரு கப்பலில், 1643 ஐக் குறிக்கும் ஆண்டு எழுதிய இரண்டு மூடிகள் இருந்தன. மிங் வீழ்ச்சிக்குச் சற்றுமுன் செய்த பாணிக்கு அந்த மூடிகள்தாம் அளவுகோல். அதே ஹேட்சர் 1985 இல் கண்டெடுத்தது ‘ஹெல்டர்மால்சன்’. 1752 ஜனவரியில் காண்டனிலிருந்து ஹாலந்துக்குப் போகும்போது பாறையில் மோதி மூழ்கிய டச்சுக் கப்பல் அது. அதன் ஒன்றரை லட்சம் பீங்கான்கள் 1986 இல் ஆம்ஸ்டர்டாமில் ‘நான்கிங் சரக்கு’ என்ற பெயரில் ஏலம் போயின. மேலே இருந்த தேயிலை இரு நூற்றாண்டுகள் மட்கிப் போர்வையாக மூடியிருந்ததால் பல கலங்கள் பளபளப்புக் கெடாமல் இருந்தன. 1822 இல் மூழ்கிய ‘தெக் சிங்’ என்ற சீனக் கப்பலிலிருந்து 1999 இல் எடுத்தவை ஏறத்தாழ மூன்றரை லட்சம். இவை தென்கிழக்கு ஆசியாவின் சாதாரணச் சமையலறைகளுக்குப் போன தடித்த கிண்ணங்கள். இன்றும் ஒரு நல்ல புத்தகத்தின் விலைக்குச் சற்று மேலே கொடுத்தால் இப்படியொரு கிண்ணம் கிடைக்கும். தொடங்குபவர்களுக்கு இதைவிட நம்பகமான வாசல் இல்லை. கப்பலின் பெயரும் ஏல எண்ணும் கலத்தோடு ஒட்டியே வருகின்றன. (அந்த ஒட்டுச்சீட்டையும் போலி செய்கிறார்கள் என்பது வேறு கதை.)

ஐரோப்பாவில் இந்த ஆசை நோயளவுக்குப் போனது. போலந்து அரசரும் சாக்சனி ஆட்சியாளருமான அகஸ்டஸ் 1717 இல் பிரஷ்ய அரசருக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து 151 பீங்கான்களை வாங்கினார். அவற்றில் டிரெஸ்டனில் இருக்கும் பெரிய நீல ஜாடிகளுக்கு ‘குதிரைவீரர் ஜாடிகள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் சேகரிப்பின் ஒவ்வொரு கலத்திலும் எண்ணும் வகைக்குறியும் பொறிக்கப்பட்டன. அந்த எண்ணுள்ள கலம் ஏலத்துக்கு வந்தால் இன்று விலை பலமடங்கு ஏறும். அவருடைய ஆட்சியில்தான் பொட்கர், சீர்ன்ஹவுஸ் ஆகியோர் 1708 இல் ஐரோப்பாவின் முதல் உண்மையான வன்பீங்கானைச் சுட்டார்கள். 1710 இல் மைசன் தொழிற்சாலை பிறந்தது. சீன ஏற்றுமதியின் முடிவு அங்கிருந்தே தொடங்கியது. 18 ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து, செப்புத் தகட்டில் வெட்டிய சித்திரத்தைக் காகிதத்தில் ஒற்றித் தட்டில் பதிக்கத் தொடங்கியது. பாலமும் வில்லோ மரமும் இரண்டு புறாக்களும் உள்ள புகழ்பெற்ற வடிவம் அப்படி வந்ததுதான். அதோடு சொல்லப்படும் ‘பழைய சீனக் காதல் கதை’ ஆங்கிலேய வியாபாரிகள் கட்டிவிட்டது. உருப்பெருக்கியில் பார்த்தால் அச்சுநீலம் ஒரே சீரான நுண்கோடுகளாக இருக்கும். தூரிகை நீலமோ கோட்டின் தொடக்கத்தில் தேங்கி, இறுதியில் வெளிறும்.

இனி அடிப்புறம். அதில் நீலத்தில் எழுதியிருக்கும் சீன எழுத்துகளைத்தான் புதியவர்கள் முதலில் நம்புவார்கள். நம்பக் கூடாததும் அதுவே. ஆறு எழுத்துகளில் அரசவம்சமும் பேரரசர் பெயரும் ‘செய்யப்பட்டது’ என்ற சொல்லும் இருக்கும். ஆனால் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த கலத்தில் 15 ஆம் நூற்றாண்டின் செங்ஹுவா பேரரசர் பெயர் இருப்பது மிகச் சாதாரணம். அது ஏமாற்று அல்ல, பழைமைக்கு வணக்கம் என்று ஒரு விளக்கமுண்டு. 1677 இல் ஜிங்டெஜென் அதிகாரி ஒருவர் ஆளும் பேரரசர் பெயரைக் கலத்தில் எழுதத் தடை விதித்தார். உடைந்து குப்பைக்குப் போகும் பொருளில் அரசர் பெயர் இருக்கலாகாது என்பது காரணம். அதனால் காங்ஸி கால ஏற்றுமதிக் கலங்கள் பலவற்றில் வெறும் இரட்டை வட்டமோ, இலையோ, முயலோ மட்டும் இருக்கும்.

எழுத்தைவிட அடிவளையம் உண்மை பேசும். மெருகில்லாத அந்த விளிம்பில் சூளை குளிரும்போது மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து மெல்லிய ஆரஞ்சுக் கோடு விடும். போலி செய்பவர்கள் இதைச் சாயத்தால் தடவுவார்கள். இயற்கையான கோடு மெருகின் ஓரத்தை ஒட்டியே மங்கி மறையும், தடவிய நிறம் எங்கும் ஒரேபோல இருக்கும். கிராக் தட்டின் அடியில் சக்கரத்தில் செதுக்கிய கத்தியின் அதிர்வுத்தடம் நடுவிலிருந்து கதிர்போல விரிந்திருக்கும். புஜியான் மாகாணத்து ஜாங்ஜோவில் செய்த தடித்த தட்டுகளின் அடியில் கரடுமுரடான மணல் ஒட்டி உருகியிருக்கும். அரிதாத் தட்டுகளுக்கு வேறு அடையாளம். ஜப்பானியர் தட்டின் நடு, சூளையில் தொய்ந்துவிடாமலிருக்க அடியில் சிறு மண்கூம்புகளை நிறுத்திச் சுட்டார்கள். எடுத்தபின் மூன்றோ ஐந்தோ வெள்ளைத் தழும்புகள் எஞ்சும். சித்திரத்தைப் பார்த்துச் சீனமா ஜப்பானா என்று தடுமாறுபவரும் இந்தத் தழும்பைப் பார்த்ததும் தெளிந்துவிடலாம். 17 ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சீனக் கலங்களின் விளிம்பில் மெருகு பொட்டுப் பொட்டாக உதிர்ந்திருப்பது இன்னொரு அடையாளம். குளிரும்போது மெருகும் உடலும் ஒரே அளவு சுருங்காததே காரணம். ஜப்பானியத் தேநீர்க் கலைஞர்கள் இதைப் ‘பூச்சியரிப்பு’ என்று பெயரிட்டு ரசித்தார்கள். கலம் கெட்டது என்று யாரும் தள்ளவில்லை.

கண்ணுக்கு எட்டாததை ஆய்வுக்கூடம் பார்க்கும். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி, கலத்தைச் சுரண்டாமலேயே நீலத்திலுள்ள இரும்பு, மாங்கனீசு, கோபால்ட்டு விகிதத்தைச் சொல்லும். 14 ஆம் நூற்றாண்டுக் கலம் என்று விற்கப்படும் ஜாடியில் மாங்கனீசு மிகுந்திருந்தால் அங்கேயே சந்தேகம் தொடங்கலாம். சுத்திகரித்த தொழிற்சாலைக் கோபால்ட்டு என்றால் கதை முடிந்தது. வெப்ப ஒளிர்வு முறை வேறு கணக்கு. மண்ணிலுள்ள இயற்கைக் கதிர்வீச்சு குவார்ட்ஸ் படிகக் குறைகளில் எலக்ட்ரான்களை ஆண்டுதோறும் சேர்த்து வைக்கிறது. சூளைவெப்பம் அந்தச் சேமிப்பைத் துடைத்துப் பூஜ்யமாக்குகிறது. மறுபடி சூடாக்கினால் அவை ஒளியாக வெளிப்படும். ஒளி எவ்வளவோ அவ்வளவு வயது. இதற்கு அடிப்புறத்தில் சில மில்லிமீட்டர் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும் என்பதால் நல்ல கலத்துக்கு யாரும் மனமொப்பிச் செய்வதில்லை. கலம் பழையதா புதியதா என்பதைச் சொல்லுமே தவிர, 1690 ஆ 1720 ஆ என்று சொல்லாது. புதுக் கலத்தைக் கதிர்வீச்சில் வைத்துச் செயற்கையாக மூப்பேற்றவும் முடியும். உண்மையான பழைய அடிப்பகுதியைப் புதிய ஜாடியில் ஒட்டி, அடியில் மாதிரி எடுக்கக் கொடுப்பது இன்னொரு தந்திரம். எக்ஸ் கதிர்ப் படத்தில் ஒட்டு தெரிந்துவிடும்.

சந்தையில் இதைவிட அன்றாடமான ஆபத்து, பழுது மறைத்த கலம். பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல இதையும் தட்டிப் பார்க்கலாம்: உள்ளங்கையில் அடியைத் தாங்கி விளிம்பை நகத்தால் சுண்டினால், மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒலி மழுங்கும். ஒட்டி வண்ணம் பூசிய இடம் புறஊதா விளக்கில் சுற்றுப்புறத்திலிருந்து வேறாக ஒளிரும். விரல்நுனிக்கு மெருகைவிடச் சற்று வெதுவெதுப்பாகப் படும். உலோகத் தையல் போட்ட பழைய கலங்கள் தனி. வைர முனையால் துளையிட்டு, கம்பியை வளைத்து இறுக்கி உடைசலை இணைத்த அந்தத் தையல்களை முன்பெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு நவீனப் பசையால் ஒட்டினார்கள். இப்போது அப்படியே விட்டுவைக்கிறார்கள். ஒரு கலம் எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

கடலிலிருந்து வந்த கலத்துக்கு உப்பு எதிரி. விரிசல் வழியே உள்ளே போன உப்பு, காயும்போது படிகமாகி விரிந்து மெருகைத் தூக்கிவிடும். நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் உப்பை வடிக்க வேண்டும். மற்றக் கலங்களுக்கு வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் பிளாஸ்டிக் தொட்டியும் போதும். வெளுப்புத்தூள் கூடாது. சுவரில் மாட்டும் சுருள்வில் கொக்கி, விளிம்பை ஓயாமல் இழுத்துப் பழைய விரிசலை நீட்டும். கலத்தைக் கைப்பிடியிலோ மூக்கிலோ பிடித்துத் தூக்குவது மிகப் பழைய, மிகப் பொதுவான தவறு. ஒட்டிய கைப்பிடி கையோடு வந்துவிடும்.

விலை அபூர்வத்தைப் பொறுத்தது. வயதைப் பொறுத்தது மட்டுமல்ல. 14 ஆம் நூற்றாண்டின் ஒரு சித்திர ஜாடி 2005 இல் லண்டனில் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு மேல் போனது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வீட்டுமுற்றப் பழம்பொருள் விற்பனையில் ஒருவர் 35 டாலருக்கு வாங்கிய சிறு கிண்ணம், 15 ஆம் நூற்றாண்டு அரண்மனைக் கலம் என்று தெரிந்து 2021 இல் 7 லட்சம் டாலரைத் தாண்டியது. இப்படிப்பட்ட செய்தியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்களை நம்பித்தான் போலித் தொழிலே நடக்கிறது.

கப்பல் சரக்குகளுக்கு ஓர் அறச்சிக்கலும் உண்டு. வணிகத்துக்காகக் கடலடியைக் கிளறும்போது, எந்தப் பெட்டி எங்கே இருந்தது, எதனோடு இருந்தது என்ற செய்தி அழிந்துபோகிறது. பெலிதுங் கப்பல் பொருள்களை வாஷிங்டனில் காட்சிக்கு வைக்கும் திட்டத்தை ஸ்மித்சோனியன் நிறுவனம் 2011 இல் இந்தக் காரணத்துக்காகவே கைவிட்டது. நீருக்கடியிலான பண்பாட்டுச் சொத்தை விற்பனைப் பொருளாக்குவதை 2001 இன் யுனெஸ்கோ உடன்படிக்கை மறுக்கிறது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டைத் தாண்டிய கலைப்பொருள் தொல்பொருளே. அதை வீட்டில் வைத்திருக்கலாம். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1986 இல் நான்கிங் சரக்கு ஏலம் போன ஆம்ஸ்டர்டாம் ஏலக்கூடத்துக்குச் சீன அரசு 30,000 டாலரோடு இரண்டு பீங்கான் வல்லுநர்களை அனுப்பிவைத்தது. தம் நாட்டுச் சரக்கில் ஒரு துண்டையாவது வாங்கிவரப் போனவர்கள் விலை ஏறிய வேகத்தில் வெறுங்கையோடு திரும்பினார்கள். அடுத்த ஆண்டு சீனம் தனக்கென ஒரு கடலடித் தொல்லியல் பிரிவைத் தொடங்கியது.